பல் பார்க்கும் வரிசை

நூல் வழுக்கியது.

மகளின் எச்சிலைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். மில்லில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. அது அவிழாது.

மேல் வரிசை, நடுப் பல். நாலைந்து நாளாகச் சோறு ஊட்டும்போதெல்லாம் விரலை விட்டு ஆட்டியிருந்தாள். அப்படியும் அது லேசாக அசைந்ததே தவிர, வருவதாக இல்லை.

பால் பல்லுக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா, ஆச்சுங்களா? லைன் நகருதுங்க."

கதவுக்கு வெளியே மாஸ்டர். சியர் லீடிங் அணி அவருடையது.

விளையாட்டரங்கின் பெண்கள் கழிப்பறை. பினாயில் வாடை. மூடியிருந்த கமோடின் மேல் தன்ஷிகா உட்கார்ந்திருந்தாள். மின்னும் நீலப் பாவாடை, இரட்டைக் குடுமி, கன்னத்தில் ஜிகினா. கால் தரையைத் தொடவில்லை. ஐந்து வயது போன மாதம்தான் முடிந்தது.

"இன்னிக்கு வேண்டாம்மா. நாளைக்குப் புடுங்கிக்கலாம்."

"ஒரே நிமிசம், சாமி. கண்ண மூடிக்க."

இழுத்தாள்.

குழந்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. அழுகை தொண்டைவரை ஏறி நின்றுவிட்டது. பிறகு வந்தது. அவள் முந்தானையை வாயில் திணித்து அதையும் நிறுத்தினாள்.

ஆறு வயது நிரம்பாத பிள்ளையைத் தூக்கி வீசக் கூடாது. போட்டியின் விதி அது. ஆதாரில் பிறந்த தேதியை மாற்ற எல்லோரும் பழகிவிட்டதால் இப்போது வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். பல் விழுந்திருந்தால் ஆறு. விழாவிட்டால் வெளியே.

"முன் பல்லு ஒண்ணு போயிருந்தாப் போதுங்க்கா" என்று போன வாரம் மாஸ்டர் சொன்னார்.

பிடுங்கச் சொல்லவில்லை. அவர் யாரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை.

வழக்கமாக மேலே ஏறுகிற பெண் வைகாசியில் பெரியவளாகிவிட்டாள். வீட்டில் சீர் வைத்தார்கள். இனி குட்டைப் பாவாடை ஆகாது என்று நிறுத்திக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் தூக்குகிற பெண்கள். மேலே ஏறத்தான் ஆள் இல்லை.

தூக்குகிறவர்களில் ஒருத்தி கௌசிகா. அவளுடைய மூத்த மகள். பன்னிரண்டாம் வகுப்பு. மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. இல்லாவிட்டால், வாங்குகிற மார்க்குக்கு மில் வேன்தான் வாசலில் வந்து நிற்கும். தாயை ஏற்றிப்போகிற அதே வேன்.

சின்னவளுக்கு எடையே இல்லை. மாஸ்டர் அவளை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் மேலே வீசினார்கள். திரும்பி வந்தது தலைகீழாக. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது கௌசிகா பிடித்தாள். மாஸ்டர் கைதட்டினார்.

அன்றிலிருந்து சின்னவள் தூங்கும்போது பாயைப் பிடித்துக்கொள்கிறாள்.

கழிப்பறைக் குழாயடியில் குழந்தையை வாய் கொப்பளிக்க வைத்தாள். தண்ணீர் சிவப்பாகப் போனது. வெளுத்தது. மறுபடி சிவந்தது.

"கேட்டா என்ன சொல்லோணும்?"

"தானா வுழுந்துச்சு."

"எப்போ?"

"பொங்கலுக்கு."

"அழுதியா?"

"அழுவுல."

வெளியே வந்து வரிசையில் நுழைந்தார்கள். மாஸ்டர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"பாப்பா செம தைரியம். அவ அக்கா கௌசிகா மாதிரியே" என்றார்.

வரிசையின் முனையில் ஒரு மேசை. பல் டாக்டர். நரை விழுந்த அம்மாள். கையுறை, சின்ன டார்ச். குழந்தைகள் ஒவ்வொருவராக நாற்காலியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேண்டாம்னு சொல்லீருங்க.

அவள் இதை மனசுக்குள் சொன்னாள். அப்படி ஓர் எண்ணம் தனக்குள் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் மறுத்துவிட்டால் அது விதி. மூத்தவளிடம் சொல்லிக்கொள்ளலாம், நான் என்னால் ஆனதைச் செய்தேன் என்று. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். யார் மேலும் குற்றமில்லை.

தன்ஷிகா நாற்காலியில் ஏறினாள். வாயைத் திறந்தாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கீழ் வரிசைப் பற்களை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

"எப்ப விழுந்துச்சு பாப்பா?"

"பொங்கலுக்கு."

சொல்லும்போதே உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு இறங்கி முகவாயில் நின்றது.

டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தாயைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தாள். குழந்தையை வாங்கக் கையை நீட்டிவிட்டாள்.

மேசையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. டாக்டர் அதிலிருந்து ஒரு பஞ்சை எடுத்தார். பல் அளவுக்கு முன்கூட்டியே உருட்டி வைத்த பஞ்சு. கிண்ணத்தில் பாதி தீர்ந்திருந்தது. பல் இருந்த பள்ளத்தில் அதை அழுத்தி வைத்து, உதட்டை மூடிவிட்டார். முகவாயைத் துடைத்தார்.

"கீழ்ப் பல்லுதாம்மா மொதல்ல விழும்" என்றார், மெதுவாக. "அடுத்த தடவை பாத்துச் செய்யுங்க."

மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் தன்ஷிகாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார். அங்கே கௌசிகா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

தாயின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பின்னால் நின்றவள் லேசாக இடித்து, தள்ளி நிற்கச் சொன்னாள்.

தள்ளி நின்றாள். வரிசையைப் பார்த்தாள்.

அது மேசையிலிருந்து நீண்டு, படிக்கட்டில் வளைந்து, வெளிவாசல்வரை போயிருந்தது. பச்சைப் பாவாடைகள், ரோஸ் பாவாடைகள், ஜிகினாக் கன்னங்கள். அம்மாக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.