பாலத்துப் பக்கம் போகாதே

"இந்தம்மாவை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும், மேடம். சஸ்பெண்ட் எல்லாம் பத்தாது. டிஸ்மிஸ்!"

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மேசையில் ஓங்கி அடித்ததில் பிரதமரின் தண்ணீர் டம்ளரே ஆடிப்போனது.

எதிரே துணைச் செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. கணவன் இல்லை. காலேஜில் படிக்கும் ஒரே மகள். இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

விஷயம் இதுதான். காலையில் ரகசியக் கூட்டம். ஆலோசகர் வேலை என்ன லேசுப்பட்டதா? ராணுவம், உளவு, போலீஸ் என்று ஆளுக்கொன்று சொல்வதையெல்லாம் கேட்டு, 'நிலவரம் இது, செய்ய வேண்டியது இது' என்று பிரதமருக்குச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் நாடே நம்பும்.

அப்பேர்ப்பட்டவர்தான் சொன்னார். "சாயங்காலம் பெரிய பாலத்துல குண்டு வைக்க வர்றாங்க. கையும் களவுமாப் பிடிக்கணும். விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது."

கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த துணைச் செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ! மகள் காலேஜ் விட்டு வருவதே அந்தப் பாலம் வழியாகத்தான்!

தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள். லாக்கரில் இருந்த ஃபோனை எடுத்தாள்.

"கண்ணு, இன்னிக்குப் பாலத்துப் பக்கம் போகாதே. ஏன்னு கேக்காதே."

சாயங்காலம் ஆலோசகர் கூப்பிட்டு அனுப்பினார்.

"குண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இது ஒத்திகை. யாருக்கு வாய் நிக்காதுன்னு பார்க்கத்தான் ஏற்பாடு பண்ணினேன். எல்லார் ஃபோனையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க மாட்டிக்கிட்டீங்க."

அடப்பாவி மனுஷா! இப்படியும் ஒருத்தர் செய்வாரா?

நேராகப் பிரதமர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"பெத்த வயிறு சார், கேக்கலை," என்றாள் அவள்.

"உங்க பொண்ணு தோழிகிட்ட சொல்லியிருக்கா. அவ இன்னும் நாலு பேர்கிட்ட. சாயங்காலம் பாலமே வெறிச்சோடிப் போச்சு! நிஜமாவே ஆள் வந்திருந்தா, உஷாராகி வேற இடத்துல வெச்சிருப்பான். அங்கே சாகறவங்களைப் பெத்தவங்க யாரும் இல்லையா?"

ஆலோசகர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே!

பிரதமர் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"இது ஒத்திகைன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான், மேடம். உங்ககிட்டகூடச் சொல்லலை, மன்னிக்கணும். ரகசியம்னா ரகசியம்."

"வீட்டுல?"

"மூச்! வீட்டுல போய் உளறினா, இந்தப் பதவியில இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

பிரதமர் துடைத்த கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"நேத்தே உங்க வீட்டம்மா எனக்கு ஃபோன் பண்ணினாங்க. 'மேடம், நாளைக்கு இவர் பாலத்துல குண்டு, அது இதுன்னு சொல்லுவார். வெறும் ஒத்திகைதான். நான் கேள்விப்பட்டுப் பதறிடக் கூடாதேன்னு என்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிட்டார். உங்களுக்கு வேற பி.பி. இருக்கு, பயந்துடாதீங்க'ன்னாங்க. பாவம், நல்ல மனசு."



பிரதமர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க. டிஸ்மிஸ் ஆர்டர் ஒண்ணு அடிக்கச் சொல்லட்டுமா, ரெண்டா?"