வடித்த தண்ணீர்

"ஏனுங்க டாக்டர், எங்க சுல்தானுக்கு என்னதான் ஆச்சுங்க? அவிநாசி பஸ் ஸ்டாண்டைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது. அவன் உழைப்புலதானுங்க எங்க ஊட்ல அடுப்பே எரியுது" என்றாள் ரம்ஜான் பீவி.

சுல்தானின் கண்ணையும் நாக்கையும் டாக்டர் பார்த்தார். நோய் எதுவும் தெரியவில்லை.

"என்னம்மா சாப்பிடறான்?"

"நேரம் தவறாம வேக வெச்ச கொள்ளுங்க" என்றார் அவள் கணவர் அப்துல் கையூம்.

கொள்ளு தின்றுமா இந்தச் சோர்வு? டாக்டருக்குப் புதிராக இருந்தது. கணவனும் மனைவியுமோ அறுபதைத் தாண்டியும் மினுமினுவென்று இருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன சாப்பிடறீங்க?"

"சோறும் கொள்ளு ரசமுங்க" என்றாள் பீவி. "அவனுக்கு வேக வெக்கற தண்ணிய வடிச்சு ரசம் வெச்சுருவேனுங்க. இவருக்கு முட்டி வலியே போயிருச்சுங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"சத்தையெல்லாம் நீங்க குடிச்சுப்போட்டு, சக்கையை அவனுக்கு வெச்சிருக்கீங்க. இனிமே தண்ணியோடவே வைங்க. இன்னைக்கு மட்டும் ஜட்காவை நீங்களே இழுத்துட்டுப் போங்க பாய். தெம்பு உங்ககிட்டதான இருக்குது!"

சுல்தான் வாலை ஆட்டிக் கனைத்தான்.