ஆளுக்கொரு நாள்

பேரையூரிலிருந்து பஸ் ஏறி வந்த மொக்கையன், ஆரப்பாளையத்தில் தன் பள்ளிக்கூடக் கூட்டாளி லட்சுமிநாராயணனின் ஜவுளிக்கடையில் வந்து உட்கார்ந்தார். பார்த்து முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் பேச்சு நேராக அந்தப் பழைய சைக்கிளுக்குத்தான் போனது.

"ரெண்டு பேரும் காசு போட்டு ஒரு சைக்கிள வாங்கி, ஆளுக்கொரு நாள் ஓட்டுனோமே, ஞாபகமிருக்கா மாப்ள?"

"என் முறை வாரப்பல்லாம் பஞ்சராக்கி வச்சிருப்ப," என்று நாராயணன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், வீட்டில்கூடச் சொல்லாததை மொக்கையன் சொன்னார். பேங்கில் கிடப்பதாகச் சொல்லி வைத்திருந்த, நிலம் விற்ற பணத்தில், ஒரு கம்பெனி மூலமாக ஸ்காட்லாந்தில் ஒரு பீப்பாய் விஸ்கி வாங்கிப் போட்டிருந்தார். வருஷம் ஏற ஏற விலையும் ஏறுமாம்.

நாராயணனின் முகம் சுண்டிப்போனது. நாமம் போடாமல் கடை திறக்காத மனுசனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று மொக்கையனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"நான் ஒரு சொட்டு குடிக்கல மாப்ள. பீப்பாய் என் பேருல அங்க கெடக்கு, அம்புட்டுத்தான். நம்பரே போட்டுக் குடுத்திருக்கான் பாரு, நானூத்திப் பதினேழு."

நாராயணன் எழுந்தார். கல்லாவுக்கு மேலிருந்த பெருமாள் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு தாளை எடுத்து வந்து விரித்தார். அதே கம்பெனி. அதே நானூற்றுப் பதினேழு. பெயர் மட்டும் லட்சுமிநாராயணன்.

"அப்ப இதுவும் ஆளுக்கொரு நாளா?" என்று கேட்டார் மொக்கையன்.

"அன்னைக்குச் சைக்கிள்னு ஒண்ணு இருந்துச்சு, மாப்ள."