போனவர்

யார்க் நகரத்தில் பேய் இல்லாத ஒரே மதுக்கடை டோரீனுடையதுதான். பேய்க்கதை கேட்டுக்கொண்டே கடை கடையாகக் குடித்துப் போகும் கூட்டம், அவள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கூட்டத்தை அழைத்துப்போகும் கிளைவை ஒருநாள் மடக்கினாள்.

"என் கடைக்கும் கூட்டிட்டு வாய்யா."

"பேய் வேணுமேம்மா. யாராவது செத்திருக்கணும்ல?" என்ற கிளைவின் கண், கொக்கியில் தொங்கிய பழைய ஈயக் குவளையில் விழுந்தது. "அது யாரோடது?"

"என் வீட்டுக்காரரு நெவிலோடது. வேற யாரையும் தொட விடமாட்டாரு."

"அவரு எங்க?"

"போய்ட்டாரு. ஒன்பது வருஷமாச்சு."

கிளைவ் தொப்பியைக் கழற்றினான். "அடடா! எனக்கு இது போதும்மா."

மறுவாரமே நெவில் பேயானார். "குவளையைத் தேடி இன்னும் வர்றாரு!" என்று கிளைவ் அடித்துவிட, கடையில் நிற்க இடமில்லை. டோரீன் இரண்டு பேரை வேலைக்கு வைத்தாள்.

நேற்று மாலை கதை உச்சத்தில் இருந்தபோது, வெயிலில் கறுத்த ஓர் ஆள் உள்ளே வந்தார். யாரையும் கேட்காமல் கொக்கியிலிருந்து குவளையை எடுத்தார். மொத்தக் கூட்டமும் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. முதலில் ஓடியவன் கிளைவ்.

"தப்புதான் டோரீன். அந்த ஸ்பெயின்காரி என்னைத் துரத்திட்டா," என்றார் நெவில்.

டோரீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். குவளையைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

"தினமும் ஏழு மணிக்கு வா. வாயைத் திறக்காம எடு, குடி, போய்டு. போறது உனக்கு ஒண்ணும் புதுசில்லையே!"