பன்னிரண்டாவது உருவம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற சுபேதார் வேதமுத்து, அவர் மனைவி தெரசம்மாள், மைத்துனர் தானியேல், வேலைநீக்க உத்தரவோடு காலையில் வந்திறங்கிய மகள் கேப்டன் ஜெபசெல்வி.

“மூணு தலைமுறையா பட்டாளத்து வீடு. உள்ள மூச்சு முட்டுதுன்னு டாங்கி மூடியத் திறந்து தலைய நீட்டுச்சாமே பொண்ணு! ஊரே சிரிக்குது மாமா,” என்றார் தானியேல்.

வேதமுத்துவின் முதுகு மேலும் நிமிர்ந்தது. மூடிக்கு வெளியே தலையை நீட்டியே பழைய டாங்கியில் போர் பார்த்தவர் அவர். இப்போதோ உள்ளே இருக்கும் திரையில்தான் எல்லாம் பார்க்க வேண்டும்; மூடியைத் தொடுவதே குற்றம்.

“ஏம்மா, திரை கெட்டுப்போச்சா?”

“இல்லப்பா. எதிர்ல பன்னெண்டு எதிரின்னு தெளிவாக் காட்டுச்சு. மேல இருந்த மெஷின்கன் தானா அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. அதுல ஒரு உருவம் இன்னொண்ண இடுப்புல தூக்கி வெச்சிருந்துச்சு. அதையும் சேத்துத்தான் பன்னெண்டு.”

தெரசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உள்ள இருந்து அந்த மெஷின்கன்ன நிறுத்த முடியாது. கமாண்டர் தலை வெளிய இருந்தா மட்டும்தான் அது சுடாது. அவங்க மேடேறிப் போற வரைக்கும் நின்னேன்.”

வேதமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு நேராகத் தேநீர்க் கடைக்குப் போனார். உட்காராமலே சொன்னார்: “எம்பொண்ணுக்கு மூச்சு முட்டல. கன் சுடக் கூடாதுன்னு தலைய நீட்டினா.”