கை எட்டாத இடம்

"அசையாம படுங்க. அசைஞ்சா வலை கலைஞ்சிடும்."

அவன் தலையணையில் கன்னத்தைப் பதித்துக் குப்புறப் படுத்திருந்தான். ஜன்னல் திரை காற்றில் உப்பி, தூங்குகிறவர் மூச்சுப்போல மெல்ல அடங்கியது.

"முதுகுல வலையா? மீனா பிடிக்கப்போறே?"

"ஒவ்வொரு தடவையும் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் மறந்துடறீங்க."

"நீ சொல்ற அழகுக்காகவே மறந்துடறேன்னு வெச்சுக்கோயேன், வாத்தியாரம்மா."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்ல."

சட்டப்படி பிரிந்து இரண்டு வருடமாகியும் அவள் வாயில் 'நீங்க' மாறவில்லை. எதையும் பாடமாகவே சொல்கிறவளுக்கு அவன் வைத்த 'வாத்தியாரம்மா'வும் மாறவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இறங்கும் குழிக்குள் வேலை பார்த்தபோது இரும்புச் சட்டம் ஒன்று முதுகைக் கிழித்துவிட்டது. சர்க்கரை உடம்பு. தையல் பிரிந்து, ஆறாத புண்ணாகி நின்றது. அதுவும் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே. தனியாக இருப்பவன் அங்கே எப்படிக் கட்டு மாற்றுவான்?

டாக்டர் எழுதிக் கொடுத்த ஜெல்லைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. விஷயம் காதில் விழுந்ததும் பையோடு வந்து வாசலில் நின்றாள். "புண் ஆறுற வரைக்கும்தான் வருவேன். அப்புறம் உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

இப்போது ஒரு சின்னக் குப்பியை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"என்ன தெரியுது?"

"தண்ணி."

"பாக்கத்தான் தண்ணி. உள்ள குட்டிக் குட்டிப் புரதத் துண்டு கோடிக்கணக்குல மிதக்குது. பெப்டைடுன்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம். ஒரு பக்கத்துக்குத் தண்ணின்னா உயிர். இன்னொரு பக்கத்துக்குத் தண்ணியே ஆகாது."

"ஒரே ஆளுக்குள்ள ரெண்டு பேரு. எனக்குத் தெரிஞ்ச கதைதான்."

"குறுக்கே பேசாதீங்க. உடம்புல இருக்கிற உப்பு பட்டதும், தண்ணி ஆகாத பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒளிஞ்சுக்கும். அப்படியே வரிசையா அடுக்கி நின்னு இழையாகும். இழையெல்லாம் பின்னி வலையாகும். தண்ணி அதுக்குள்ள மாட்டிக்கிட்டு ஓட முடியாம நின்னுடும். அதான் ஜெல்."

"யாரு பின்றது?"

"யாரும் இல்ல. தானாவே." இந்த இடம் வரும்போதெல்லாம் அவள் குரல் தணிந்துவிடும்.

ஜெல் சில்லென்று முதுகில் இறங்கியது. அவன் கண்ணை மூடினான். கயிறே இல்லாத லிஃப்டில் நின்று ஆழத்துக்கு இறங்குவதுபோல் இருந்தது. சுற்றிலும் இருட்டு. அந்த இருட்டில் வெள்ளி இழைகள் எங்கிருந்தோ மிதந்து வந்து, கூப்பிடாமலே ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன.

"மருந்து எங்கே இருக்கு?" அவன் குரல் பாதித் தூக்கத்தில் வந்தது.

"வலைக்கண்ணுக்குள்ள. ஒரேடியா கொட்டிடாது, கொஞ்சம் கொஞ்சமா கசியும். அதுக்குள்ள உங்க உடம்புச் செல்லெல்லாம் இந்த வலையைப் பிடிச்சு ஏறி வந்து புதுத் தோல் கட்டும். கட்டி முடிச்சதும் வலையை உடம்பே வெட்டிக் கரைச்சிடும். இருந்த தடமே தெரியாது."

"பாவம். வேலை முடிஞ்சா கிளம்பிட வேண்டியதுதானா?"

முதுகில் அவள் விரல் ஒரு கணம் நின்றது. "அதுக்காகத்தானே வருது."

"தானாவே ஒட்டும்கிறியே, நாம ஏன் ஒட்டல?"

"ஒரு நாளாவது வீட்டுல அசையாம இருந்தீங்களா? எந்நேரமும் லிஃப்டு, லிஃப்டுன்னு ஓட்டம்."

"நீ மட்டும்? சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சா அதுக்கும் ஒரு பாடம்."

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்து முதுகு குலுங்கியது.

"அசையாதீங்கன்னேன்ல!"

அவன் அடங்கினான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டான்.

"எப்படி இருக்கு?"

பிளாஸ்டரைக் கத்தரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் பாக்கி. இந்த மாதிரிப் புண்ணு மேலாப்புல மூடின மாதிரி இருக்கும், அடியில ஆறியிருக்காது. அவசரப்படக்கூடாது."

"நான் எங்கே அவசரப்பட்டேன்?"

"வலி இருக்கா?"

"லேசா."

"அப்போ வியாழக்கிழமை வரேன்."

"மழை வந்தா?"

"குடை இருக்கு."

கதவு சாத்தப்பட்டது. லிஃப்ட் அவளைச் சுமந்துகொண்டு இறங்கும் முனகல், மாடி மாடியாகத் தேய்ந்து மறையும்வரை அவன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, வலியென்று ஒன்றும் இல்லாத முதுகைச் சுகமாக நெளித்துச் சோம்பல் முறித்தான்.

போன மாதமே ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலால் தடவிப் பார்த்து, "சுத்தமா ஆறிடுச்சு, இனிமே கட்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவன்தான் நர்ஸிடம் கெஞ்சி, வெறும் தோல்மேல் ஒரு கட்டைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அன்று சாயங்காலம் அவள் வந்து அதைப் பிரித்தாள். வெகுநேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் திறந்து, புதுக் குப்பி ஒன்றை எடுத்து, ஜெல்லைப் பூச ஆரம்பித்தாள்.