திரையில் வந்த வரி

கழுத்துக்குப் பின்னால் ஒட்டும் அந்தப் பட்டையைக் கதிரேசன்தான் வாங்கி வந்தான். நெருக்கமான நேரத்தில் மனைவி நினைப்பதெல்லாம் கணவனின் கைபேசியில் எழுத்தாக வரும். திருப்பூரில் பல வீடுகளுக்கு அது வந்துவிட்டது. வானதி மறுப்பாள் என்று நினைத்தான். அவளோ ஒரு முடிவோடு வாங்கி ஒட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தை தூங்கியபின், அவளை அணைத்தபடியே திரையைப் பார்த்தான். தன்னைப் பற்றி ஏதாவது இருக்கும் என்ற ஆசை. 'வலிக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்' என்று இருந்தது.

சட்டென்று விலகி எழுந்தான். "பிரசவமாகி எட்டு மாசமாச்சே. இன்னுமா வலிக்குது? ஏன் சொல்லல?"

"மூணு தடவை சொன்னேங்க. போகப் போகச் சரியாயிடும்னீங்க. இப்ப எழுத்துல வந்ததும் நம்பறீங்க."

வானதி பட்டையை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நாளைக்குக் காலைல டாக்டரைப் பார்க்கப் போறேன். நீங்களும் வரணும்."

"வர்றேன். வெளியில உக்காந்து குழந்தையைப் பார்த்துக்கறேன்."

"வேண்டாங்க. குழந்தையத் தூக்கிட்டு உள்ளயே வாங்க. நான் சொல்றத முழுசாக் கேளுங்க."

மறுநாள் டாக்டர் முன்னால் அவள் அரை மணி நேரம் பேசினாள். கதிரேசன் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.